நாற்பது நாள் தொப்பி

சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் நடுத்தாளில் என் முன்தலையை மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்து, எழுபத்திரண்டு சிறு வட்டங்கள் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். நெற்றிக்கு மேலுள்ள முதல் வரிசை ஒன்றிலிருந்து பதினெட்டு வரை. உச்சியை ஒட்டிய நாலாவது வரிசை ஐம்பத்தைந்திலிருந்து எழுபத்திரண்டு வரை. சிவப்புப் பேனையால் தொட்ட வட்டம் என்றால் அந்த இடத்தில் பரு. நீலத்தால் தொட்டது என்றால் முளைத்த முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டுவிட்டது. இரண்டு நிறமும் படாத வட்டங்கள் பதினொன்றுதான்.

பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அவை எல்லாம் அலுமாரியில் வருட வரிசையில் நிற்கின்றன. இந்தக் கொப்பி மட்டும் அந்த வரிசையில் சேராமல், பழைய சாரன் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதில் உள்ளதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து எனக்கும் ஐம்பது வயதாகப் போகிறது.

எழுபத்தெட்டில் சவூதிக்குப் போவதற்கு முந்திய கிழமை, கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்குக் காதை மூடிய, பிடரியில் புரளும் முடி. எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. அங்கே ஒரு கட்டடக் கம்பனியின் களஞ்சியத்தில் பொருள் கொடுத்துப் பதியும் வேலை. இரண்டாம் வருடம் தலையணையில் முடி கிடக்கத் தொடங்கியது. தண்ணீரின் உப்பு என்றார்கள் சிலர். தலைக்கவசத்தின் சூடு என்றார்கள் வேறு சிலர். நாலாம் வருடம் நெற்றி உச்சிவரை போய்விட்டது.

அந்த நாலாம் வருடத்தில்தான் என் மூத்த சகோதரி, ராத்தாவின் கடிதம் வந்தது. நிந்தவூரில் பெண் பார்த்திருந்தாள். "பொம்புளைக்கு ஒன்ட ஸ்டூடியோப் படத்தக் காட்டின. பாத்துட்டு சிரிச்சிச்சாம். 'முடியப் பாருங்க'ண்டு அவட உம்மாட்டச் சொல்லிச்சாம். புடிச்சிப் போச்சு. நீ ஓம் எண்டு எழுதினாச் சரி" என்று எழுதியிருந்தாள்.

நான் ஓம் என்று எழுதினேன். முடியைப் பற்றி எழுதவில்லை. அந்தக் கடிதத்தை மூன்று தடவை திருத்தி எழுதியதாக நாட்குறிப்பில் இருக்கிறது. மூன்று தடவையும் அந்த ஒரு வசனத்தைத்தான் சேர்த்துச் சேர்த்து வெட்டியிருக்கிறேன்.

களஞ்சியத்தில் என்னோடு இருந்த ஒரு மலையாளி பம்பாயில் முடி நடும் வைத்தியர் ஒருவரைப் பற்றிச் சொன்னான். அவனுடைய மாமன் நட்டிருக்கிறாராம். ஊருக்குப் போகும் வழியில் பம்பாயில் இறங்கினேன். என் கணக்கு எளிமையானது. நட்ட முடி வளரும்வரை யாரும் காணாமல் பார்த்துக்கொண்டால் போதும். வளர்ந்துவிட்டால் படத்தில் இருந்தவனும் நானும் ஒருவன்தான். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

குப்புறப் படுக்கவைத்துப் பின்தலையில் ஊசி போட்டார்கள். பிறகு சிறு குழாய் போன்ற கத்தியால் வட்டம் வட்டமாகத் தோலோடு முடியை வெட்டி எடுத்தார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. செருப்புத் தோலில் துளை போடும் சத்தம், என் காதுக்குள்ளிருந்தே கேட்டது. முன்பக்கத்தில் அதே அளவு குழிகள் போட்டு, எடுத்ததை அவற்றில் வைத்தார்கள். முடிந்ததும் உதவியாளர் ஒருவர், அவரும் மலையாளிதான், தமிழ் கலந்து எனக்கு எல்லாம் விளக்கினார். வைத்த முடி முதலில் உதிரும். மூன்று நாலு மாதத்தில் வேரிலிருந்து புதிதாக வரும். வரும்போது சிலது உள்ளுக்குள் வளையும், பரு போடும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒற்ற வேண்டும். மூன்று காரியம் செய்யவே கூடாது. எண்ணெய் வைக்கக் கூடாது, இறுக்கமான தொப்பி போடக் கூடாது, நகத்தால் தொடக் கூடாது.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த தாளாகவும் தந்தார்கள். வாழ்க்கையில் எந்தத் தாளையும் எறியாத நான் அதை விமானத்தின் கழிவறையில் கிழித்துப் போட்டேன். ராத்தா என் பெட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவள்.

நிக்காஹ்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. பொருக்குகள் அப்போதுதான் காயத் தொடங்கியிருந்தன. வெள்ளைத் துணித் தொப்பியோடு வந்து இறங்கினேன். நான்கு வருடம் மக்காவின் நாட்டில் இருந்துவிட்டு வருகிறவனின் தலையில் தொப்பி இருப்பதில் யாருக்கும் அதிசயம் இல்லை. நிக்காஹ் அன்று அதன்மேல் தலைப்பாகையும் ஏறியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அங்கே போய்ச் சேருகிறவன். அந்த வீட்டில் எனக்கென்று பூட்டுகிற அறையோ தனிக் கண்ணாடியோ இருக்கவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடி முன்கூடத்தில், எல்லாரும் போகிற வருகிற இடத்தில் மாட்டியிருந்தது. இதை நான் பம்பாயில் யோசிக்கவில்லை. இத்தனை ஒழுங்காகக் கணக்குப் போட்டவன் அதை எப்படி விட்டேன் என்று இன்றும் விளங்கவில்லை.

கலியாணத்துக்கு அடுத்த நாள் பகல் சாப்பாட்டில்தான் அது நடந்தது. மாமி கறி வைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி, அப்போது என்னோடு பத்து வார்த்தைகூடக் கதைத்திருக்க மாட்டாள், விசிறியோடு பக்கத்தில் நின்றாள்.

"புழுங்குது மச்சான். தொப்பியக் கழட்டி வெச்சிட்டுத் தின்னுங்களே" என்றாள்.

"இல்ல, இரிக்கட்டும்."

"வேர்வ வழியுது."

தலைக்குத்து என்று சொல்லியிருக்கலாம். தடிமல் என்று சொல்லியிருக்கலாம். அவை இரண்டு நாளுக்குத்தான் போதும், எனக்கு மாதக்கணக்கு வேண்டியிருந்தது. வாயில் வந்தது நாற்பது. "நிய்யத்து ஒண்டு வெச்சிரிக்கன். நாப்பது நாளைக்குத் தொப்பி கழட்டுறதில்ல" என்றேன்.

"என்ன நிய்யத்து?"

மாமியின் அகப்பை நின்றது. "கேக்காத புள்ள. அல்லாவுக்கு வெச்சத வாயால சொல்லச் சொல்லிக் கேக்கப்படாது" என்று மகளைக் கண்டித்துவிட்டு, என் பீங்கானில் இன்னும் ஒரு மீன் துண்டு வைத்தார்.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: 'இன்று ஒரு பொய் சொன்னேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.'

ஒரு கிழமைக்குள் அது தெருவுக்குப் போய்விட்டது. மாமி போன கலியாண வீட்டிலெல்லாம் சொன்னார். மாமனார் என்னைப் பள்ளிவாசலின் முதல் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, செருப்புத் தேடிக்கொண்டிருந்த தன் கூட்டாளிகளிடம், "இந்தக் காலத்துப் பொடியனுகள் தொப்பிய பொக்கட்டில சுருட்டி வெச்சிக்கிட்டுத் திரியிறானுகள். எங்கட மருமகனப் பாருங்க. படுக்கிறதும் தொப்பியோட" என்றார்.

"படுக்கக்குள்ளயுமா? அப்ப மகள் என்ன சொல்றா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஹஜ்ஜுக்குப் போய்வந்த யாரோ கொடுத்த தொப்பி ஒன்றை எனக்குத் தந்தார். ஓரத்தில் அட்டை வைத்துத் தைத்த கெட்டித் தொப்பி. அந்த ஓரம் சரியாக முதல் வரிசையின் மேல், ஒன்றிலிருந்து பதினெட்டு வரை, அமர்ந்தது. சுஜூதில் நெற்றியை வைக்கும்போது அது இன்னும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அழுத்தும். தொழுமுன் கைகால் கழுவி ஒழு எடுக்கும்போது தலையைத் தடவ வேண்டிய இடத்தில், பின்பக்கத்துத் தொப்பி ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி மூன்று முடியை நனைத்துக்கொள்வேன். அதுவும் செல்லும் என்று மத்ரசாவில் படித்திருந்தேன். படித்தது எல்லாம் எனக்கு இப்படித்தான் உதவியது.

நாற்பது நாள் முடிந்தது. நட்ட முடி உதிர்ந்து, முன்தலை புள்ளி புள்ளியாக வெறுமையாக இருந்தது. நாற்பத்தோராம் நாள் காலையில் மாமி ஒரு சிரட்டை நிறைய எண்ணெய் கொண்டுவந்தார். தேங்காயெண்ணெயில் ஏதேதோ இலைகள் போட்டுக் காய்ச்சியது.

"நாப்பது நாள் மூடிக் கிடந்த தல. சூடு ஏறியிரிக்கும். நல்லா ஊறவெச்சி முழுகுங்க மருமகன். இல்லாட்டி மச்சினனக் கூப்பிட்டு வெக்கச் சொல்லவா?"

"வேணாம் மாமி. நானே வெச்சிக்கிறன்."

கிணற்றடியில் ஓலை மறைப்புக்குள் நின்று, அந்தச் சிரட்டையை மண்ணில் ஊற்றிவிடலாமா என்று பார்த்தேன். ஊற்றினால் மணம் என் தலையில் இருக்காது. மாமி மணத்தைத் தேடுவார். வைத்துக்கொண்டேன். முழுகிவிட்டுத் தொப்பியோடுதான் வெளியே வந்தேன். கேட்டதற்கு, பழகிவிட்டது, இனிக் கழற்ற மனம் வரவில்லை என்றேன். மாமியின் கண் கலங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிரட்டை வந்தது.

செய்யக் கூடாத மூன்றில் இரண்டை இப்படி ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவதும் வந்தது.

சித்திரை மாதக் கடைசியில், ஒன்பதாம் இலக்கத்தில் முதல் பரு. அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே சாக்கு அடுக்குகளுக்குப் பின்னால் வைத்திருந்த கைக்கண்ணாடியில் பார்த்தேன். சிவந்த மேடு, நடுவில் மஞ்சள் முனை. பக்கத்தில் பன்னிரண்டாம் இலக்கத்தில் மஞ்சள் இல்லை. தோலுக்கு அடியில் கறுப்பு வளையம் ஒன்று, கடிகாரச் சுருள்போலத் தெளிவாகத் தெரிந்தது. முடி வந்துவிட்டது. வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அன்று சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அதுதான் கடைசி.

பத்து நாளில் பதினேழு. மாதம் முடிய முப்பத்திநாலு. ஒன்று அடங்கினால் பக்கத்தில் இரண்டு எழும்பும். பகலெல்லாம் தொப்பிக்குள் நமைச்சல். பேரேட்டில் நெல்லுச் சாக்கு எண்ணிக்கை எழுதிக்கொண்டிருப்பேன், கை தானாகத் தொப்பிக்குள் போகும், நகம் ஒன்றைக் கிள்ளிவிடும். கசிந்தது தொப்பியில் ஒட்டும். தொழப் போகும்போது தொப்பியை இழுத்துச் சரிசெய்தால் பொருக்கோடு பிய்ந்து வரும். சுடுதண்ணீர்த் துணி ஒற்ற அந்த வீட்டில் இடம் இல்லை. தண்ணீர் சுடவைத்தால் என்னத்துக்கு என்று நாலு பேர் கேட்பார்கள்.

தலையணை உறையில் புள்ளிகள் விழுந்தன. காலையில் நான் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். வரும்போது உறை துவைத்துக் கொடியில் கிடக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

ஊர் ஒஸ்தாவிடம் போக முடியாது. எங்கள் பக்கத்தில் முடி வெட்டுகிறவரும் அவரே, சுன்னத்துச் செய்கிறவரும் அவரே, அவருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை மில்லில் அரைநாள் லீவு எடுத்து, சைக்கிளில் காரைதீவு தாண்டி மாவடிப்பள்ளிக்குப் போனேன். அங்கே தெருவோரக் கொட்டிலில் வயதான ஒஸ்தா ஒருவர், மர நாற்காலியும் கத்தி தீட்டும் வாரும் வைத்துக்கொண்டு இருந்தார்.

"தொப்பியக் கழட்டினாத்தானே தம்பி வெட்டலாம்."

கழற்றினேன். ஐந்து மாதத்தில் இன்னொருவர் முன்னால் முதல் தடவை. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"விதச்ச வயலும் பாத்திரிக்கன், நட்ட வயலும் பாத்திரிக்கன்" என்றார் பிறகு. "தலையில வரிசைக்கு வரிசை நட்டிரிக்கிறத இண்டைக்குத்தான் பாக்கிறன். எவடத்த செஞ்ச?"

"பம்பாயில. ஆருட்டயும் சொல்லப்படாது."

"சொன்னா ஆரு நம்புவான்? நாத்து எங்கால எடுத்த?"

"பின்னுக்கு."

விரலால் என் பின்தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே எழுபத்திரண்டு வெள்ளைத் தழும்பு. "ஓ... அப்ப ரெண்டு வயல்வட்டையும் பாழ்" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

ஊசியை நெருப்பில் காட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, தோலின் மேல்படையை மட்டும் கீறி, சுருளின் ஒரு வளைவைத் தூக்கிவிட்டார். முடி நிமிர்ந்து வெளியே வந்தது. இழுத்துப் பிடுங்கவில்லை. சில முடிகள் அரை அங்குலத்துக்கு மேல் உள்ளேயே வளர்ந்திருந்தன. பழுத்த பருக்களைப் பஞ்சால் அழுத்தித் துடைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தேன்.

"காத்துப் படணும் தம்பி. நீங்க அமத்தி மூடி, எண்ணெயும் ஊத்தி வெச்சிரிக்கீங்க. அது எங்கால வெளிய வாற? தொப்பியக் கழட்டி எறிங்க, ரெண்டு மாசத்தில எல்லாம் ஆறிரும்."

"கழட்ட ஏலாது."

"ஏன்?"

நிய்யத்தின் கதையைச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அதச் சொல்லியிரிக்கப்படாது தம்பி" என்றார். "வீட்ட உண்மையச் சொல்லிருங்க. கெதியாச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை தோறும் அவரிடம் போனேன். அன்றன்று எடுத்துவிட்ட முடிகளை நீலத்துக்கு மேல் ஒரு கோடு போட்டுக் கொப்பியில் அடித்தேன். அடுத்த வியாழனுக்குள் வேறு வட்டங்கள் நீலமாகும்.

மாமனாரின் வயல் மாவடிப்பள்ளி வட்டையில் இருந்ததை நான் அறியாதவன் அல்ல. வயலில் வேலை செய்த ஒருவர், ஒஸ்தா என் தலையில் சீழ் எடுப்பதைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறார். ஐந்தாவது வியாழன் அல்லது ஆறாவதாக இருக்கும். கொப்பியில் அந்த வாரம் நான் கவனிக்க வேண்டியதைக் கவனித்து எழுதவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சிரட்டை வரவில்லை என்று மட்டும் இருக்கிறது.

சனிக்கிழமை பகல் எனக்கு நீலக்கரை போட்ட பீங்கான் ஒன்றில் சோறு வந்தது. அது வேறு யாருக்கும் வந்ததில்லை. சாப்பிட்ட பிறகு அதை மற்றவற்றோடு கழுவாமல் கிணற்றடியில் தனியே சாய்த்து வைத்தார்கள். என் துவாய்க்குத் தனிக் கொடி கட்டப்பட்டது. அவள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. மசக்கை, தாய்க்குப் பக்கத்தில் படுத்தால் நல்லது என்று சொல்லி மாமியின் அறைக்குப் போய்விட்டாள். சொல்லும்போது வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மாமனார் மரியாதையானவர். மில்லுக்கே வந்து, தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதைத்தார்.

"மட்டக்களப்பில தோல் பாக்கிற டொக்டர் ஒருத்தர் இரிக்காராம் மருமகன். ஒருக்காப் போய்ட்டு வருவமா?"

"என்னத்துக்கு மாமா?"

"வருத்தம் எண்டா ஆருக்கும் வாறதுதான். இப்ப எல்லாத்துக்கும் குளிச இரிக்கி. மறைக்கப்படாது. புள்ள வயித்துப் புள்ளயோட இரிக்கா."

எந்த நோய் என்று அவர் சொல்லவில்லை. பெரிய வருத்தம் என்று எங்கள் ஊர்கள் தணிந்த குரலில் சொல்வது ஒன்றுதான். விரல்கள் உதிர்வது. "சும்மா பரு மாமா" என்றேன். அவர் என் தொப்பியைப் பார்த்தார். அவரே தந்த தொப்பி. "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு இரண்டே வழிகள் இருந்தன. பெரிய வருத்தக்காரனாக இருந்துவிடுவது ஒன்று. பொய்யனாகத் தெரியவருவது மற்றது. நான் ஏழு நாள் முதல் வழியிலேயே இருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். என் பிள்ளையின் தாய் என்னைத் தொடப் பயந்த ஏழு நாள். வருத்தக்காரன்மேல் குறைந்தது பரிதாபமாவது இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

சிரட்டை நின்ற வெள்ளியிலிருந்து எட்டாம் நாள், ஜும்ஆ முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றி அவள் முன்னால் நின்றேன். அவள் முன்கூடத்தில் மா இடித்து அரித்துக்கொண்டிருந்தாள். அரிதட்டை வைத்துவிட்டு எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இது வருத்தமில்ல. பாரு" என்று கொப்பியையும் அந்த வருடத்து நாட்குறிப்பையும் அவளுக்கும் எனக்கும் நடுவில் தரையில் வைத்தேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாள், எழுத்தில் இருந்தால் நம்புவாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித்தான் தோன்றும்.

அவள் குந்தியிருந்து பார்த்தாள். நிறைய நேரம்.

"இது என்ன வட்டம்?"

"ஒவ்வொண்டும் முடி நட்ட இடம்."

"செவப்பு?"

"பரு."

"நீலம்?"

"உள்ளுக்குச் சுருண்ட முடி."

கொப்பியை மூடிவிட்டு நாட்குறிப்பைத் திறந்தாள். திகதி வரிசைப்படி எழுதியிருந்ததால் தேடியது உடனே கிடைத்தது. கலியாணத்துக்கு அடுத்த நாள். விரலை வைத்து வாசித்தாள்.

"'நன்றாகப் பிடித்துக்கொண்டது' எண்டு எழுதியிரிக்கீங்க."

நான் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"உம்மா போன எடமெல்லாம் சொல்லித் திரிஞ்சா. ஒங்கட நிய்யத்த."

"ஒனக்காகத்தான் செஞ்ச. படத்தில முடியப் பாத்துத்தானே நீ ஓம் எண்ட."

"ஆரு சொன்ன?"

"ராத்தா எழுதினா. பாத்துட்டு சிரிச்சாவாம், முடியப் பாருங்க எண்டாவாம்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஓம். சிரிச்சன். காகக் கூடு மாதிரி இரிந்திச்சி. கலியாணத்துக்கு முந்தி அத வெட்டச் சொல்லுங்க எண்டு உம்மாட்டச் சொன்னன்" என்றாள். பிறகு அரிதட்டை எடுத்துக்கொண்டாள். மா காற்றில் பறந்து நாட்குறிப்பின் மேல் படிந்தது. அந்தப் பக்கங்கள் இன்றும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கின்றன.

மாமி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வெளியே வந்து என் தலையைப் பார்த்தார், சரியாக ஒரு தடவை. "நோயெண்டா அல்லா தந்தது. அத நாங்க பாத்திருப்பம்" என்றார். "இது நீங்களாச் செஞ்சிக்கிட்டது." அவர் சத்தம் போடவில்லை. அன்று அஸர் தொழுகைக்கு முதல் வரிசையில் மாமனாருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் மூன்றாம் வரிசையில், தொப்பி இல்லாமல், பின்னுக்கு நின்றேன். அதற்குப் பிறகு என்றும் அவர் என்னைக் கூப்பிடவில்லை.

தொப்பியும் எண்ணெயும் நின்றதும் பருக்கள் அடங்கத் தொடங்கின. ஒஸ்தா சொன்ன இரண்டு மாதம் நாலு மாதமானது. எழுபத்திரண்டில் முப்பத்தொன்றில் முடி நின்றது. பழுத்த இடங்கள் எல்லாம் குழிந்து வழுவழுத்துப் போயின. நின்ற முடியும் தரை கூட்டும் தும்புத்தடியில் கட்டுக் கட்டாக நிற்கும் தென்னந்தும்பு போல, இடைவெளி விட்டு விட்டு நின்றது. கண்டவர்கள் ஒருகணம் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கும். தொற்றும் வருத்தம் இல்லையென்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நீலக்கரைப் பீங்கான் மட்டும் மாறவில்லை. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று நினைக்கிறேன். அது உடைந்தபோது என் மனைவி கடைக்குச் சொல்லி அதேபோல் இன்னொன்று எடுப்பித்தாள். இப்போது சாப்பிடுவது அந்த இரண்டாவதில்.

அவள் அறைக்குத் திரும்பி வந்தாள். இரண்டு தலையணை, இரண்டு நிற உறை.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் முடி இறக்கினோம். ஊர் ஒஸ்தா காய்ச்சலில் கிடந்ததால், மாமனார் வயலுக்குப் போன வழியில் மாவடிப்பள்ளி ஒஸ்தாவைக் கூட்டிவந்தார். அவர் என்னைக் கண்டதும் புதிய ஆளைக் கண்டதுபோல ஸலாம் சொன்னார். அது அவருடைய நல்ல மனம். ஆனால் அவர் யார் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய கத்தியை எடுத்து வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

என் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையால் அதன் தலையை மூடினாள்.

"மாமா, அது எல்லாருக்கும் பாவிக்கிற கத்தியா?" என்று ஒஸ்தாவிடம் கேட்டாள்.

"கொதிதண்ணியில போட்டெடுத்த புள்ள. ஒண்டுக்கும் பயப்பட வேணாம்."

"ஓம். தெரியும்" என்றாள். கை தலையிலிருந்து எடுபடவில்லை. ஒஸ்தா என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். மாமி பாயின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். பல மாதங்களாக என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கடைக்குப் போய் புது பிளேட் ஒண்டு வாங்கிட்டு வாங்க மச்சான்" என்றாள். அதில் கோபம் இல்லை. உப்பு வாங்கிவரச் சொல்வதைப்போலத்தான் இருந்தது.

கடை ஐந்து வீடு தள்ளி. கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, பிளேட் யாருக்கு என்று கேட்கவில்லை. "ஒண்டா, பக்கட்டா?" என்று கேட்டார். பக்கட் வாங்கினேன். உடைக்காத பக்கட் என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். ஒஸ்தா பிளேட்டை இரண்டாக முறித்து ஒரு பாதியைப் பிடியில் செருகினார். பிள்ளை அழுதது. கறுத்த, மெல்லிய முடி, உச்சியிலிருந்து நெற்றிவரை இடைவெளியே இல்லாமல், வெள்ளைத் துணியில் விழுந்தது. முடிந்ததும் அவள் அந்தச் சின்னத் தலையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, விரல் நுனியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தாள். முன்பக்கத்தில் அதிக நேரம் பார்த்தாள்.

அன்றைய குறிப்பு ஒரு வரிதான். 'பிள்ளையின் தலையில் எதுவும் இல்லை.'